மூன்றாம் சுற்று

இன்று காலை அந்தப் பழைய கணினிப் பெட்டியைப் போட்டதும் எரிந்த தூசியின் வாசனை வந்தது. விசிறி முதலில் முனகிவிட்டுப் பிறகு வேகம் எடுத்து, உள்ளே படிந்திருந்ததையெல்லாம் என் முகத்தில் ஊதியது. உனக்குப் பிடிக்காத வாசனை. "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் ஓட்டுறீங்களா, மிளகா வத்தல் வறுக்கிறீங்களா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே வருவாய். அந்தக் கேலிக்கு நானும் சிரித்திருக்கிறேன். எதற்குச் சிரித்தேன் என்று இப்போது தெரியவில்லை.

பெட்டியைப் போட்டது உன் நினைவில் அல்ல. உன் மகள் வருவதாகப் போன் செய்திருந்தாள். நீ போய் ஓராண்டு ஆகப்போகிறதாம். அன்றைக்குத் தாபோடியில் நீ பாடம் நடத்திய கல்லூரியில் உன் மாணவர்கள் கூடி, அப்பா உருவாக்கிய கணினி மொழியை ஓட்டிக் காட்டப் போகிறார்களாம். 'அப்பா உருவாக்கிய' என்றுதான் சொன்னாள். அவள்மேல் தப்பில்லை. நீ வீட்டில் அப்படித்தானே சொல்லி வளர்த்திருப்பாய்.

இந்த மடலை அவளால் படிக்க முடியாது. நீ அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தரவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்தேன். எங்களுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. நீ கல்லூரி முடிந்து ஸ்கூட்டரில் நிக்டியில் என் வீட்டுக்கு வருவாய். சி மொழியை நான், அப்பா பல்வந்த் சௌக் என்ற புத்தகக்கடைத் தெருவில் வாங்கிய பழைய புத்தகத்திலிருந்து படித்தவன். பாதிப் பக்கங்களில் யாரோ ஒரு மாணவன் மராத்தியில் கிறுக்கி வைத்திருப்பான். போசரிப் பட்டறைக்காரர்கள் தங்கள் சரக்குக் கணக்குக்கான நிரலைத் தாங்களே எழுதிக்கொள்ள ஒரு சின்ன மொழி வேண்டும் என்பது என் யோசனை. அதை மூல நிரலோடு எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது உன் யோசனை. நாம் எழுதுவதை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரும் முதல் கம்பைலரை நான் சி மொழியில் எழுதினேன். அது மெதுவானது. அடிக்கடி தடுக்கி விழும். ஆனால் ஓடியது.

உனக்கு அது போதவில்லை. நம் கம்பைலரை நம் மொழியிலேயே எழுத வேண்டும் என்றாய். "தன்னைத் தானே கம்பைல் பண்ணாத மொழியெல்லாம் ஒரு மொழியா அண்ணாச்சி?" என்றாய். எழுதினோம். அப்போதுதான் அந்த மூன்று சுற்றுப் பழக்கம் வந்தது. கையில் இருக்கும் கம்பைலரைக் கொண்டு புதியதின் மூல நிரலைக் கம்பைல் செய்வது முதல் சுற்று. அதில் பிறந்ததைக் கொண்டு அதே நிரலை மறுபடி கம்பைல் செய்வது இரண்டாம் சுற்று. அதில் பிறந்ததைக் கொண்டு இன்னொரு முறை செய்தால் மூன்றாவது. கடைசி இரண்டும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருந்தால் கம்பைலரை நம்பலாம். இது நீ வகுத்த சோதனை. வீட்டுக்குள் விதித்த சட்டம் மாதிரி அதை மீறவே விடமாட்டாய்.

என் பெட்டியில் ஒரு சுற்று முடிய நேரமாகும். திரையில் வரிகள் ஓடுவதை விட்டுவிட்டு முனையில் இருந்த அம்ருத்துல்ய டீக்கடைக்குப் போவோம். திரும்பி வருவதற்குள் வியாழக்கிழமை மின்வெட்டு வந்து எல்லாம் போயிருக்கும். நீ கெட்ட வார்த்தை பேசுவாய், சென்னையில் பழகியது. நான் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். கரண்ட் நிலைத்துக் கடைசிச் சுற்றும் முடிந்த நாட்களில் நீதான் குனிந்து முடிவைப் படிப்பாய். "ஒண்ணுதான் அண்ணாச்சி, ஒண்ணுதான்" என்பாய். அந்தக் குரலில் கள்ளம் இருந்ததில்லை. இதை ஒப்புக்கொள்வதால் மற்றதை மன்னித்தேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

அந்த டீக்கடையில் நீ ஒருநாள் சொன்னது இந்த ஆண்டு முழுவதும் எனக்குப் பயன்பட்டது. நான் கேட்டேன், "எல்லாம் சரிதான் டே, மூல நிரலத்தான் தொறந்து வச்சிருக்கோமே, ஒருத்தன் ஏமாத்த முடியுமா?" நீ சிரித்தாய். "நிரலை எத்தனை தடவை வேணா படிக்கலாம் அண்ணாச்சி. கம்பைலரைக் கொடுத்தவன் யாருன்னு பாக்கணும். அவன் நெனச்சா நிரல்ல இல்லாததையும் உள்ள வைப்பான்." இந்தத் தொழிலில் பலரும் அறிந்த தந்திரம்தான். நீ அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னாய். நான் அதை வேடிக்கையாகக் கேட்கவில்லை.

பிறகு நீ கம்பைலரை மொத்தமாகத் திருத்தி எழுதினாய். மொழியின் இலக்கணத்தைத் தொடவில்லை, மற்ற எல்லாவற்றையும் மாற்றினாய். என்னுடையதைவிட வேகமாக இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், நியாயம் நியாயம்தான். கல்லூரி அரங்கில் கூட்டம் வைத்து அதை வெளியிட்டாய். நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் கம்பைலர் தொடங்கும்போது வழக்கமாக நம் இருவர் பெயரும் வரும். அன்று உன் பெயர் மட்டும் வந்தது. யாரோ ஒரு பையன் எழுந்து பழைய கம்பைலர் என்ன ஆனது என்று கேட்டான். "அது ஒரு ஹாபி வெர்ஷன். ஸ்டோர்கீப்பர் ஒருத்தர் எழுதினது. ஸ்டோர் மாதிரியே இருந்துச்சு, எது எங்க இருக்குன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அரங்கு சிரித்தது. உன் கண் என்மேல் பட்டது. பட்ட பிறகும் நீ நிறுத்தவில்லை, நீயும் சிரித்தாய்.

வெளியே வந்ததும் கேட்டேன். நீ தயங்கவே இல்லை.

"நீங்க எழுதின ஒரு வரி இப்ப அதுல இருக்கா அண்ணாச்சி? காட்டுங்க, பேரு போடறேன்."

"மொழிய நெனச்சது யாரு டே?"

"நெனச்சதுக்கெல்லாம் பேரு போட ஆரம்பிச்சா ஊர்ல பாதிப் பேரு வருவான்."

அடுத்த வாரமே என் சி மொழிக் கம்பைலரை இணையத்திலிருந்தும் எடுத்துவிட்டாய். ஸ்டோர்கீப்பரின் குப்பை உன் மொழியின் பக்கத்தில் கிடக்கக் கூடாது. கம்பைல் செய்து முடித்த கோப்பையும் நீ ஏற்றியதில்லை. மூல நிரல் மட்டும்தான் சத்தியம், மற்றதை ஏற்றுவது அசிங்கம் என்பது உன் கொள்கை. தன்னைத் தானே கம்பைல் செய்யும் மொழிக்கு மூல நிரல் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று நீ யோசிக்கவில்லை. அதைக் கம்பைல் செய்ய அதுவே வேண்டும். அது இல்லாவிட்டால் உலகத்திலேயே மிகத் திறந்த நிரல் உன்னுடையதாக இருந்தாலும் வெறும் எழுத்துதான்.

மின்னல் வெட்டிய ஒரு மழைக்காலத்தில் உன் கணினியின் வட்டு கருகியது. எடுத்து வைத்த பிரதிகளையும் படிக்க முடியவில்லை. பயன்படுத்திய நாலைந்து பேரும் அதற்குள் வேறு மொழிக்குப் போய் இயந்திரத்தையும் மாற்றியிருந்தார்கள். ஓடும் கம்பைலர் ஒன்று இந்த ஊரில் மிச்சம் இருந்தது, என் வறுத்த வத்தல் பெட்டியில்.

நீ நிக்டிக்கு வந்தாய். அன்று மூக்கைப் பொத்தவில்லை. நான் பெட்டியைப் போட்டு, உன் கண்முன்னால் கம்பைலரை ஓட்டினேன். நம் இருவர் பெயரும் வந்தன. நீ பார்க்கும்வரை பொறுத்திருந்து பெட்டியை அணைத்தேன்.

"பேரப் போடு டே. எடுத்துட்டுப் போ."

"ஒரு பேருக்காகவா இவ்வளவு?"

"பேருக்காகத்தான்."

"அப்ப வேணாம். மொழி செத்தா சாகட்டும்." காப்பியைத் தொடாமல் எழுந்து போனாய். என் மனைவி அந்தக் காப்பியைத் தொட்டியில் ஊற்றினாள். சாகட்டும் என்றவன் நீ. அதை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு முறை ஆள் அனுப்பினாய். பெயரைப் போட்டானா என்று கேட்டேன், போடவில்லை என்றார்கள். நான் வரவில்லை. உன்னை எரித்த அன்றும் வரவில்லை. நிக்டியிலிருந்து தாபோடி தூரமில்லை.

அந்த வாரத்திலிருந்து வியாழக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு வேலை செய்தேன். நம் பழைய கம்பைலரில் ஒரு பிரதி எடுத்து, அதற்குள் நீ டீக்கடையில் சொன்னதை வைத்தேன். யாருடைய நிரலைக் கொடுத்தாலும் அது ஒழுங்காகக் கம்பைல் செய்யும். உன் கம்பைலரின் மூல நிரலைக் கொடுத்தால் மட்டும் அதில் இல்லாத ஒரு வரியைச் சேர்க்கும். உன் பெயருக்குக் கீழே என் பெயர். அந்த வரியைச் சேர்க்கும் வேலையையும் பிறக்கிற கம்பைலருக்குள் வைத்துவிடும். அதிலிருந்து பிறப்பதும் அதையே செய்யும். நீ இருந்தால் அதன் நேர்த்தியைப் பாராட்டியிருப்பாய். நீ இல்லாதது எனக்கு அந்த ஒரு விஷயத்தில்தான் குறை.

இன்று உன் மகள் வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் உன் மூல நிரல் இருந்த குறுந்தகடு. "அங்கிள், அப்பாவோட லேங்வேஜ் பில்டே ஆக மாட்டேங்குது. உங்ககிட்ட பழசு இருக்காம். ஒரே ஒரு தடவ அது ஓடணும் அங்கிள். இல்லன்னா அப்பா பண்ணதுன்னு காட்ட எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

"அப்பா என்னப் பத்தி என்ன சொன்னாரு?"

தயங்கினாள். "கேக்காத, அவரு குடுக்க மாட்டாருன்னு சொன்னாரு."

அதுவரை கொடுக்கலாமா என்று எனக்கும் தெளிவில்லை. உன் கடைசிக் கணிப்பும் தப்பாகட்டும் என்றுதான், வியாழக்கிழமைகளில் செய்து வைத்த அந்தப் பிரதியைக் கொடுத்தேன். அவள் கண் கலங்கி, குனிந்து என் காலைத் தொட்டாள். இங்கே வளர்ந்த பிள்ளை, அந்தப் பழக்கம் இருக்கிறது. நான் கையை அவள் தலையில் வைத்தேன். உனக்கு வைத்ததாக எண்ணிக்கொள்ளாதே.

சாயங்காலம் போன் வந்தது. மாணவர்களின் சத்தம் பின்னால் கேட்டது. "அங்கிள், மூணு ரவுண்டும் முடிஞ்சுது. செகண்டும் தேர்டும் மேட்ச் ஆகுது. அப்பா சொன்ன மாதிரியே எக்ஸாக்ட்." அவளே தொடர்ந்தாள். "ஆனா ஒண்ணு. அப்பா பேருக்குக் கீழ உங்க பேரு வருது. நாங்க சோர்ஸ் ஃபுல்லா தேடிட்டோம், எங்கயுமே இல்லையே?"

"நல்லாத் தேடிப் பாரும்மா" என்றேன். "ஒங்க அப்பா எழுதினது. எங்கயாவது இருக்கும்."

எதுவும் சேர்க்காத பழைய பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை யாருக்கும் தரப்போவதில்லை. போனை வைத்த பிறகு நானும் ஒருமுறை மூன்று சுற்றையும் ஓட்டினேன். டீக்கடைக்குப் போகவில்லை, வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் குனிந்து படிக்க ஆளில்லாததால் நானே வாய்விட்டுச் சொன்னேன்.

ஒண்ணுதான் டே, ஒண்ணுதான்.