பச்சைத் தேத்தண்ணியின் முதல் மிடறு

மாமா,

இன்று காலை குசினியில் ஒரு தகரப் பேணியின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். என்னோடு கப்பலில் வேலை செய்த ஒருவர் கொழும்புக்கு வந்தபோது ஆள்மூலம் கொடுத்தனுப்பிய பேணி. மூடி கழன்றதும் அந்த மணம் வந்தது. புதிதாக அறுத்த புல்லும், கரையில் ஒதுங்கிக் காயும் சாதாளைக் கடற்புல்லும் சேர்ந்தது போன்ற மணம். மணம் வந்த கையோடு நான் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், ஓலை இடுக்கில் இரண்டு கண்கள் தெரிகின்றனவா என்று. நீங்கள் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. என் கழுத்துக்கு அது இன்னும் தெரியாது.

உங்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல விரும்பும் எங்கள் சுருவில் ஊர்ச்சனம் ‘கவனமான மனிதர்’ என்று சொல்லும். நான் உங்கள் மருமகன், எனக்கு அந்த மூடிமறைப்பு வேண்டாம். நீங்கள் ஒரு சந்தேகப் பிராணி. பால்காரியின் செம்புக்குள் விரலை விட்டுப் பார்ப்பீர்கள். தபாற்காரன் தந்த கடிதத்தை உடைக்க முன்னர் ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்ப்பீர்கள். கோயிலில் ஐயர் தந்த திருநீற்றை மணந்து பார்த்துவிட்டுப் பூசியதை நானே கண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் விட உங்களுக்கு ஆகாத சாமான் தூள். தெற்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் நீங்கள். மிளகாய்த்தூளுக்குள் செங்கல் போகிற வழியும், கோப்பித்தூளுக்குள் புளியங்கொட்டை போகிற வழியும் உங்களுக்கு மனப்பாடம். “முழுசாய்க் கிடந்தால் கண் பாக்கும். அரைச்சுப்போட்டால் விக்கிறவன்ர வாயைத்தான் நம்பவேணும்” என்பீர்கள்.

அப்படிப்பட்டவர் நடுவில் வேலி போட்டுச் சீதனமாகப் பிரித்துத் தந்த வளவுக்குள்தான் நான் ஒரு பேணி தூளைக் கொண்டுவந்து இறக்கினேன். அதுவும் பச்சைத் தூள்.

கலியாணமாகி இரண்டாம் முறை கடலால் திரும்பியிருந்தேன். எங்கள் சரக்குக் கப்பல் பழுதுபார்ப்பதற்காக யப்பானில், கோபே துறைமுகத்தில், நெடுநாள் கிடந்தது. பட்டறை வாசலில் ஒரு காவற்காரன் இருந்தான். குளிரில் பல்லடித்துக்கொண்டு நின்ற என்னைத் தன் கொட்டிலுக்குள் கூப்பிட்டு இந்தப் பச்சைத் தேயிலைத் தூளைத்தான் சுடுதண்ணீரில் அடித்துக் குடிக்கத் தந்தான். அவனுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. புறப்படும்போது ஒரு பேணி தூளும், வாயகன்ற மண்கோப்பை ஒன்றும், மூங்கிலை மயிர் மயிராகச் சீவிக் கட்டிய சின்ன மத்தும் கையில் திணித்துவிட்டான். பட்டு வரும், சென்ற் போத்தல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த உங்கள் மகள் அந்த மத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டாள்.

பின்னேரங்களில் குசினி வாசலில் முழங்காலை மடித்திருந்து அதைக் கலக்கி, கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பேன். குடித்துவிட்டுச் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். எந்திர அறைக்குள் மாதக்கணக்காக இரைச்சலைக் கேட்ட காதுக்கு அந்த நேரம் தேவையாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், மாமி காலமான பிறகு நீங்கள் தனியே இருந்த வீட்டிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரிந்திருக்கும்! கப்பற்காரன், பச்சைத் தூள், குடித்தவுடன் கண் சொருகுகிறது. அக்கரையிலிருந்து வள்ளங்களில் என்னென்னவோ வந்திறங்கிய காலம். கஞ்சா என்று முடிவு கட்ட உங்களுக்கு அதிக நேரம் பிடித்திராது.

என்னிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் எவனும் பொய்தான் சொல்வான் என்பது உங்கள் எண்ணம். நீங்களே விசாரணையில் இறங்கினீர்கள். பேணிக்குள் நான் தட்டிச் சமப்படுத்தி வைத்த தூளில் ஒருநாள் விரற்குழி ஒன்று விழுந்திருந்தது. அடுத்த நாள் மூடிக்கு மேல் வேண்டுமென்றே ஒரு வேப்பிலையை வைத்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் இலை நிலத்தில் கிடந்தது. ஆக, ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு சந்தேகக்காரர். பிறகுதான் உங்கள் மகள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஈரக் கடதாசியில் தூளைத் தூவிச் சாயம் கரைகிறதா என்று பார்த்தீர்களாம். நகத்தில் தேய்த்தீர்களாம். தணலில் ஒரு சிட்டிகை போட்டு மணந்தீர்களாம். சோற்றில் குழைத்துக் கோழிக்குப் போட்டீர்களாம். கோழி சாகவில்லை. ஆனால் அன்று அது முட்டையிடவில்லை என்பதை நீங்கள் விடவில்லை.

சிரிப்பு அதோடு முடிந்தது. ஒரு காலை நான் ஊர்காவற்றுறைக்குப் போய்வரும் இடைநேரத்தில் மகளையும் தொட்டிற் பிள்ளையையும் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டீர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலியில் இருந்த பொட்டை, ஆள் நுழைகிற அந்த இடைவெளியை, காவோலை வைத்து இறுக்கிக் கட்டியும்விட்டீர்கள். “மனுசன் தெளியட்டும். பிறகு பாப்பம்” என்று சொன்னீர்களாம். சீதன வீட்டில் சீதனம் மட்டும் இருந்தது, பெண்சாதியும் பிள்ளையும் இல்லை. பிள்ளை அழுவது எனக்கு வேலியால் கேட்கும். தூக்கப் போக ஏலாது. மாமா, அந்த நாட்களில் உங்களை நான் வெறுத்தேன். இனி யாருக்கு மறைக்க?

உங்கள் மகள் சோறு கொண்டு றோட்டால் சுற்றி வருவாள். என்னை நம்புகிறாளா என்று கேட்டேன். அவள் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள், முற்றத்தில் துப்பினாள்.

“இவ்வளவு கசப்பை ருசிக்காக ஒருத்தர் குடிப்பினமோ? வெறிக்கிறதுக்கு எண்டால் குடிப்பினம்” என்றாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது கோபேயில் குடித்தது போல இல்லை. காவற்காரன் கையை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். அவன் கொதிக்கிற தண்ணீரை ஒருநாளும் தூளில் ஊற்றியதில்லை. இறக்கி, சற்று ஆறவிட்டுத்தான் ஊற்றுவான். நானோ நம்மூர்த் தேத்தண்ணிபோலக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். அவன் தூளை அரிதட்டில் அரிப்பான், நான் கட்டியாகப் போட்டேன். அவன் மணிக்கட்டை முன்னும் பின்னும் விசுக்குவான், நான் மோர் கடைவதுபோலச் சுற்றினேன். அவன் முதலில் ஒரு துண்டு இனிப்பைத் தின்னத் தருவான். அதை நான் விருந்தோம்பல் என்று நினைத்து மறந்தே போனேன். எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் கிணற்றின் உவர்த்தண்ணீர். நன்னீர்க் கிணறுள்ள மண்கும்பானுக்குச் சைக்கிளில் போய் ஒரு கான் நிறைய நல்ல தண்ணீர் கொண்டுவந்தேன். இனிப்புக்கு என்ன செய்வது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கிற ஊர் அல்லவா நமது? அன்று குடித்தபோது கசப்பு நாக்கின் ஓரத்தில் நின்று, பின் மெல்ல இனித்தது.

எல்லாவற்றையும் தட்டத்தில் அடுக்கிக்கொண்டு, பொட்டு அடைத்திருந்தபடியால் றோட்டால் சுற்றி, உங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தேன். நீங்கள் விறாந்தையில் கதிரையில் இருந்தீர்கள். கொண்டுவந்த தண்ணீரை உங்கள் அடுப்பில் கொதிக்கவைத்து இறக்கி, நிலத்தில் இருந்துகொண்டு ஆறவைத்தேன். நீங்கள் பொலிஸ்காரனைப்போல ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். எப்படி இவ்வளவு பச்சை? பறிப்பதற்கு முன்னர் சில கிழமை செடிக்கு மேல் வைக்கோற் பாயைப் போட்டு வெயிலை மறைப்பார்களாம் என்றேன். மறைக்கிறவனுக்கு மறைக்க ஏதோ இருக்கும் என்றீர்கள். கொழுந்தை ஆவியில் அவித்துக் காயவைத்து, நரம்பை நீக்கி, நம்முடைய திரிகை மாதிரி ஒரு கல்லில் மெல்ல மெல்ல அரைப்பார்கள் என்றேன். எங்கே வடி, எங்கே சக்கை என்று கேட்டீர்கள். சக்கை இல்லை, இலையே உள்ளே போகிறது என்றேன். உங்கள் முகம் இன்னும் இறுகியது. தேயிலை விளைகிற நாட்டில் கடை வைத்திருந்த உங்களுக்கு, எறிய வேண்டியதை விழுங்கச் சொல்லுகிறவன் கள்ளன்தான்.

நுரை எழும்பியதும் கோப்பையை நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. வேலிக்கு மேலால் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

“எங்கட கடைக்கு எதிர்க்கடைக்காரன், தம்பி. எத்தினை வருஷம் அவன்ர கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சனான். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில சனம் வரேக்குள்ள எங்கட கடையைக் கையால காட்டிவிட்டவன் அவன்தான். அதுக்குப் பிறகு உம்மட மாமியின்ர, மகளின்ர கையைத் தவிர வேற ஒருத்தற்ர கையாலயும் நான் குடிக்கிறேல்லை.”

கடை எரிந்தது எனக்குத் தெரியும். காட்டிக்கொடுத்த கை எது என்று அன்றுதான் தெரிந்தது. என் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சற்றுப் பொறுத்து உங்கள் மூக்குப்பேணியை நீட்டி அதில் வார்க்கச் சொன்னீர்கள். அந்தப் பித்தளைப் பேணியை அண்ணாந்து பிடித்து, உதடு படாமல் அதன் மூக்கால் வார்த்துத்தான் நீங்கள் எதையும் குடிப்பீர்கள். உடன்பிறந்த அண்ணனின் எச்சில்கூட உங்களுக்கு ஆகாது என்று மகள் சொல்லியிருக்கிறாள். வார்த்தேன். அண்ணாந்தீர்கள். நுரை பேணியின் மூக்கில் அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டும் வரவில்லை. பேணியை ஆட்டிப் பார்த்தீர்கள், பிறகு கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

“அந்தக் கோப்பையிலயே அடியும். முதல் நீர் குடியும். பாதி” என்றீர்கள்.

மறுபடி அடித்து, பாதி குடித்தேன். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கதவு நிலையில் உங்கள் மகள் பிள்ளையோடு நின்றாள். நான் செத்தும் விழவில்லை, சிரித்தும் பிதற்றவில்லை என்று கண்டபின் கையை நீட்டினீர்கள். கோப்பை கைக்கு வந்தபிறகுதான், நான் வாய் வைத்த கோப்பையில் நீங்களும் வாய் வைக்கவேண்டும் என்பது உங்களுக்கு உறைத்திருக்கவேண்டும். சந்தேகப்பட்டால் எச்சில், சந்தேகப்படாவிட்டால் சாவு. உங்கள் பொறியில் நீங்களே அகப்பட்டீர்கள். சால்வைத் தலைப்பால் விளிம்பை ஒருமுறை துடைத்தீர்கள், இன்னொருமுறையும் துடைத்தீர்கள். குடித்தீர்கள். கதவு நிலையில் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கசக்குது. பனங்கட்டியைத் தாரும்” என்றீர்கள். அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தேன். பொட்டில் கட்டியிருந்த காவோலை அவிழ்த்து வேலியோடு சாத்தியிருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் மகள் அதனூடாகக் குனிந்து வந்தாள்.

நம்பிவிட்டீர்கள் என்று நான் நினைத்தது என் மடத்தனம். அதன் பிறகு நான் விடுமுறையில் நின்ற ஒவ்வொரு பின்னேரமும் பொட்டால் வருவீர்கள், பனங்கட்டியோடு இருப்பீர்கள், “முதல் நீர் குடியும்” என்பீர்கள். தூள் போட்ட கையே உங்களுக்குச் சந்தேகம், பேணி புதிதென்றால் இரட்டைச் சந்தேகம். இன்னொரு பயணத்தில் அதே காவற்காரன், தூளைக் கூடப் போட்டுக் கூழ்போலத் தடிப்பாகக் கலக்கி, ஒரே கோப்பையை வேறு இரண்டு தொழிலாளருக்கும் எனக்கும் சுற்றிவரக் கொடுத்தான். ஒவ்வொருவரும் விளிம்பைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். தடிப்பான தேநீரை அப்படித்தான் ஒரே கோப்பையில் குடிப்பது அங்கே மரியாதையாம். வந்து உங்களிடம் ஆசையோடு சொன்னேன், உங்கள் வழக்கம்தான் அங்கேயும் என்று. நீங்கள் வியக்கவில்லை.

“அவங்களும் ஆளையாள் நம்பாமல்தான் துவங்கியிருப்பாங்கள். பிறகு அதுக்கு மரியாதை எண்டு பேர் வச்சிருப்பாங்கள்” என்றீர்கள்.

அது சரியா பிழையா எனக்குத் தெரியாது. அந்தக் கோப்பையைப் பற்றி எனக்கு விளங்கியதில் பாதி காவற்காரன் தந்தது, மற்றப் பாதி உங்கள் அந்த ஒரு வசனம். சில வருஷம் போனபின் எனக்கு வேறு ஒரு சந்தேகமும் வந்தது. உங்களுக்கு அந்தத் தேத்தண்ணி பிடித்துவிட்டது, என்னோடு இருப்பதும் பிடித்துவிட்டது, அதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல்தான் சோதனை என்ற பேரில் நாளும் வருகிறீர்கள் என்று. ஒருநாள் கேட்டும் பார்த்தேன். பனங்கட்டி வாய்க்குள் இருப்பதாகக் கன்னத்தைத் தட்டிக் காட்டினீர்கள்.

நான் கப்பலை விட்டு வந்த வருஷம் நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். டொக்ரரின் மருந்துப் போத்தலைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள் என்று மகள் அழுகைக்குள்ளும் சிரித்தாள். ஒரு பின்னேரம் கையால் கடைவதுபோலக் காட்டினீர்கள். எனக்கு விளங்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அடித்தேன். வழக்கம்போலக் கோப்பையை என் வாய்க்குக் கொண்டுபோனேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

“இஞ்ச தாரும்.”

“நான் இன்னும் குடிக்கேல்லை, மாமா.”

“தெரியும். உம்மட தூளை நான் இண்டைக்கும் நம்பேல்லை. அதுதான் முதல் நான் குடிக்கிறன். எனக்கு ஒண்டும் செய்யேல்லை எண்டால் நீர் குடியும்.”

இரண்டு மிடறு குடித்தீர்கள். சற்றுப் பொறுத்தீர்கள். பிறகு கோப்பையை என்னிடம் தந்துவிட்டு, அன்று விறாந்தையில் பார்த்தது போலவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் விளிம்பைத் துடைக்கவில்லை, மாமா. நீங்கள் அதைக் கவனித்தீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது காலமே உங்களைப்போல ஆகிவிட்டது. அண்டை வீட்டுக்காரனோடு பேசும்போதும், காட்டிக்கொடுப்பானோ என்று, குரல் தணிகிறது. இந்தப் பேணி எத்தனை கை மாறி வந்ததோ தெரியாது. மூடியின் ஓரத்தில் முன்பே திறந்ததுபோல ஒரு கீறல் இருந்தது. நல்ல தண்ணீரைக் காய்ச்சி இறக்கி ஆறவிட்டு, தூளை அரித்து, அடித்தேன். நுரை வந்தது. உங்கள் மகள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள்.

“பொறும்” என்றேன்.

“ஐயான்ர புத்தி உங்களுக்கும் தொத்திப்போச்சு” என்றாள்.

முதல் மிடறை நான் குடித்தேன். பொறுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதற்குப் பிறகுதான் கோப்பையை அவளிடம் கொடுத்தேன்.