வண்டிக்குக் கதவு எண் இல்லை

மார்ச் 2

அன்புள்ள தையல்காரிக்கு,

இந்தக் கோணல்மாணல் எழுத்துக்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். வரி ஒரு பக்கம் மலையேறுகிறது, மறுபக்கம் இறங்குகிறது. லாரி ஓட்டிய கை, பேனாவை ஸ்டியரிங் மாதிரி பிடிக்கிறது. ஒரு பக்கம் எழுதக் காலைக் காப்பியிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை ஆகிறது. ஆகட்டும். எழுபத்தொரு வயதில், போன வருடம் நூலகத்து மாலை வகுப்பில் கற்றதை வைத்து, என் பெண்டாட்டிக்கு நானே கடிதம் எழுதுகிறேன். பக்கத்து வண்டியில் குடியிருக்கும் பல் டாக்டரிடம் இதை நேற்றே இரண்டு தடவை சொல்லிவிட்டேன். போனில் பேசிவிடலாமே என்றார். அவருக்கென்ன தெரியும்? போனில் நமக்கு மூன்றாவது நிமிடம் சண்டை.

உன் நிபந்தனை எனக்கு மனப்பாடம். செவ்வாயும் வெள்ளியும் உன் பதினொரு பெண்களுக்கும் வீடியோவில் தையல் வகுப்பு தடையில்லாமல் நடக்க வேண்டும். நான் வீடாக மாற்றிய இந்தப் பழைய ரொட்டி வண்டியில் அதற்கு நெட் இருந்தால் என்னோடு ஊர் சுற்ற வருவாய். ஏப்ரல் முதல் தேதிக்குள் இல்லையென்றால் வீட்டிலிருந்தே புது வகுப்பைத் தொடங்குவாய். பிறகு ஆறு மாதம் அசையமாட்டாய். எனக்கு இருப்பது ஒரு மாதம்.

இங்கே நடக்கும் அசிங்கத்தைக் கேள். என்னைப் போல வண்டியிலேயே குடியிருப்பவர்கள் தங்கும் இந்த மைதானத்தின் வாசலில் 'வைஃபை இலவசம்' என்று பலகை. நானே படித்தேன். அந்த இலவசம் கழிப்பறைச் சுவரோரம் மட்டும்தான் எட்டுகிறது. சாயங்காலம் போய்ப் பார்த்தால், பத்துப் பதினைந்து பெரிய மனிதர்கள் சாக்கடையை ஒட்டி வரிசையாக நின்று, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேரப்பிள்ளைகளிடம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அரை நிமிடத்தில் திரும்பிவிட்டேன். உன் மெஷினை அங்கேயா வைக்க முடியும்? பல் டாக்டர் தன் வண்டிக் கூரைமேல் நெட்டுக்கென்று ஏதோ கம்பம் நட்டிருக்கிறார். விலையைக் கேட்டேன். அதற்கு இன்னொரு வண்டியே வாங்கலாம்.

டவுனுக்குப் போய் சிம் கடைகளை ஒரு கை பார்க்கப்போகிறேன். மைதான ஆபீஸ் முகவரிக்கே பதில் போடு.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 7

ரொட்டி வண்டிக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று. நாற்பது வருடமாக 'வந்துட்டேன்', 'போயிட்டு வரேன்' இரண்டையும் தவிர வேறு பேசாதவர் இத்தனை வரி எழுதியிருக்கிறார். கூடப் படித்தவர் யாராவது சொல்லிக்கொடுத்தாரா என்று சந்தேகப்பட்டேன். சாக்கடையைப் படித்ததும் நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது.

பிடிவாதத்துக்கு நான் நிபந்தனை போடவில்லை. நீங்கள் ரோட்டில் இருந்த காலத்தில் எனக்கென்று நான் உண்டாக்கிக்கொண்டது இந்த வகுப்பு ஒன்றுதான். கழுத்து வெட்டும்போது படம் நின்றுபோனால், கத்தரி போட்ட துணி மறுபடி ஒட்டுமா? உங்களோடு வர எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அதைச் சொல்லியாகிவிட்டது, திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள்.

சுவரோரம் நிற்காதீர்கள். வயிற்றுக்கு ஆகாது.

இப்படிக்கு,
வீட்டுக்காரி

மார்ச் 12

அன்புள்ள தையல்காரிக்கு,

வெற்றி. ஆனால் அதற்குமுன் நான் பட்ட அருவருப்பையும் நீ கேட்டாக வேண்டும்.

நேற்று முதலில் போன கடையில் சுவர் முழுக்க 'அளவில்லாத டேட்டா' என்று என் தலை அளவு எழுத்து. கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி, வாய்விட்டுப் படித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. பின்னால் வரிசை வாசல் வரை போய்விட்டது. ஒரு அளவு தாண்டினால் வேகம் குறையும் என்று அந்த எறும்பு சொல்கிறது. எவ்வளவு குறையும் என்றேன். படமெல்லாம் வராது என்றாள் கடைப்பெண்.

"இதையெல்லாம் யாரும் படிக்கமாட்டாங்க பெரியவரே."

"அந்த தைரியத்துலதானம்மா எழுதியிருக்கீங்க."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் வாங்காமலே போய்விட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்காமல் காசைக் கொட்டுகிறார்கள் என்பதைப் பார்த்தால் சீ என்றிருக்கிறது. எழுபது வருடம் நான் இவர்களைப் பார்த்தா பொறாமைப்பட்டேன்?

அடுத்த கடையில்தான் கண்டுபிடித்தேன், சிம் போட்ட ஒரு பெட்டி. வயரும் வேண்டாம், கம்பமும் வேண்டாம். நிஜமாகவே அளவில்லை, எறும்பே கிடையாது. அந்தச் சிம்மில் பாதி விலை. நான் வாங்கிவிட்டேன். படிவத்தைக் கடைக்காரன் பூர்த்தி செய்ய வந்தான். கையைத் தட்டிவிட்டு நானே எழுதினேன். பெயர், அப்பா பெயர், முகவரி. வகுப்பில் எல்லாரும் முதலில் எழுதிப் பழகியது அவரவர் முகவரியைத்தான். நம் கதவு எண்ணும் தெருவும் எனக்குக் கண்ணை மூடினாலும் வரும். ஒரு அடித்தல் இல்லை. அவன் தன் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

இரண்டு நாளில் பெட்டிக்கு உயிர் வருமாம். மெஷினை எண்ணெய் போட்டு எடுத்து வை. மாதக் கடைசியில் வருகிறேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 19

தையல்காரிக்கு,

இந்தப் பார்சலில் இருப்பது அந்தப் பெட்டியும் அதன் படிவமும்.

இங்கே அதற்கு உயிர் வரவில்லை. ஒரு வாரமாகச் சிவப்பு விளக்கு. கூரையில் வைத்தேன், மரத்தில் கட்டினேன், மைதானம் முழுக்கப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைகிற மாதிரி அலைந்தேன். கடைசியில் கடைக்கே போனேன். படிவத்தில் எழுதிய முகவரிப் பக்கத்து டவரில் மட்டும்தான் அது வேலை செய்யுமாம். வீட்டுக்கென்று விற்பதாம், அதனால்தான் மலிவாம். படிவத்தின் பின்பக்கத்தில் போட்டிருக்கிறதாம். நான் எழுதுகிற சந்தோஷத்தில் பின்பக்கத்தைத் திருப்பவே இல்லை.

சரி, முகவரியை மாற்று என்றேன்.

"கதவு எண் சொல்லுங்க."

"வண்டிப்பா அது. கதவு இருக்கு, எண் இல்ல. வண்டி நம்பர் வேணும்னா எழுதிக்கோ."

"அது ஆகாதுங்க."

எனக்கு அவன்மேல்கூட அருவருப்பு இல்லை. ஊரான் எறும்பையெல்லாம் பிடித்துவிட்டு என் படிவத்தில் ஏமாந்த என்மேல்தான். விலை கட்டுப்படியாகிற வேறு வழி தெரியவில்லை. பெட்டி அங்கே வேலை செய்யும். வைத்துக்கொண்டு ஒன்றாம் தேதி புது வகுப்பைத் தொடங்கு. நான் இனி கேட்கமாட்டேன்.

வீட்டுக்காரன்

மார்ச் 24

ரொட்டி வண்டிக்காரருக்கு,

பெட்டி வந்தது. உங்கள் பழைய வேட்டியில் சுற்றி அனுப்பியிருந்தீர்கள், துவைத்துப் போட்டேன். சொருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. இன்று காலை வகுப்பை அதில்தான் நடத்தினேன்.

நடத்தும்போது ஒரு காரியம் செய்தேன். போனைத் திருப்பி என் கைக்கு நேராக வைத்தேன். படத்தின் தரத்தைக் குறைத்தேன். தெரிகிறதா என்று பெண்களைக் கேட்டேன். ஊசி நுழைவதுகூடத் தெரிகிறது என்றார்கள். என் மூஞ்சியைப் பார்க்க யாரும் கட்டணம் கட்டவில்லையே. முடிந்ததும் எவ்வளவு செலவானது என்று போனில் பார்த்தேன். அரை ஜிபிகூட இல்லை. மாதம் எட்டு, ஒன்பது வகுப்பு. சாதாரணச் சிம்மே போதும். மிச்சத்தில் நீங்கள் லாரி வீடியோகூடப் பார்க்கலாம்.

அளவில்லாததைத் தேடி ஊரெல்லாம் சண்டை போட்டீர்கள். எனக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அளந்து பார்க்கவில்லை என்பது வேறு.

மத்தியானம் பெட்டியை இங்குள்ள அந்தக் கம்பெனிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பதினான்கு நாளுக்குள் கொடுத்தால் முழுப் பணமும் திரும்பும் என்று அதே பின்பக்கத்தில்தான் இருக்கிறது. இன்று பதின்மூன்றாவது நாள்.

வகுப்பு நாளில் டவர் எட்டுகிற ஊரை ஒட்டி வண்டியை நிறுத்த வேண்டும். மற்ற ஐந்து நாளும் உங்கள் இஷ்டம். அந்தக் கழிப்பறை மைதானத்தில் ஒரு பொழுதும் தங்கமாட்டேன். சனிக்கிழமை வாருங்கள். மெஷின் கனம், தூக்க ஆள் வேண்டும்.

வீட்டுக்காரி

மார்ச் 27

அன்புள்ள தையல்காரிக்கு,

இதைத் தபாலில் போட்டால் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். அதனால் நாளைக்கு நானே கையில் கொண்டுவந்து தருகிறேன். நான் எதிரில் நிற்கும்போதே படி.

நாற்பது வருடம் எடை கேட்காமல் ஒரு மூட்டைகூட என் லாரியில் ஏறியதில்லை. உன்னிடம் மட்டும் கேட்கவே இல்லை. இதை வாயால் சொல்ல எனக்கு வராது.

சாதாரண சிம் வாங்கிவிட்டேன். முன்பக்கம், பின்பக்கம், உறைக்கு உள்பக்கம் எல்லாம் படித்தாயிற்று. கடைக்காரன் எனக்கு நாற்காலி போட்டான். அவன் மூஞ்சியில் அத்தனை வெறுப்பு. பல் டாக்டரும் இப்போது சுவரோரம்தான் நிற்கிறார். கம்பம் காற்றில் சாய்ந்துவிட்டது. சொல்லிக்கொண்டு வரக்கூட அந்த நாற்றத்துக்குள் நான் போகவில்லை, தூரத்திலிருந்தே கையைக் காட்டினேன்.

அடுத்த வாரமும் உனக்குக் கடிதம் எழுதுவேன். நீ முன்சீட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் எழுதுவேன். பேசினால் நீ குறுக்கே பேசுவாய்.

உன் வீட்டுக்காரன்