நடு ஆற்றில் நிற்கும் படகு

படகு, 9 ஜூன் 2020

மெர்வெயின் அப்பாவுக்கு,

கின்ஷாசாவில் தங்கை பிரசவம் முடிந்து, மூன்று வாரம் ஆற்றிலேயே வந்தேன். கரையில் நீங்கள் நிற்பது தெரிகிறது, ஆனால் இறங்க முடியவில்லை. வழியில் எல்லா ஊர் நர்ஸும் கையைக் கழுவச் சொல்லி ஆளை இறக்கிவிட்டார்கள். நம்ம ஊர் நர்ஸான என் புருஷன் மட்டும் பதினான்கு நாள் படகிலேயே இருக்கச் சொல்கிறார்! "ஏன்க்கா, வீட்டுக்காரரோட சண்டையா?" என்று படகே சிரிக்கிறது. நாலு மாதமாகக் குழந்தையைப் பார்க்காதவள் நான். உங்களுக்கு ஈரமே இல்லையா?

பொலும்பு

கரை, 10 ஜூன்

அன்பு பொலும்பு,

சாப்பாடு அனுப்பிய கூடை திரும்பியதில் உன் கோபம் பத்திரமாக வந்து சேர்ந்தது. உங்கள் படகோட்டி அதிலேயே ஓர் அரசாங்க உறையும் வைத்து அனுப்பினார். பிரித்தால், கின்ஷாசாவிலிருந்து எந்தப் படகும் கிளம்பக் கூடாது என்று உத்தரவு. அதைக் கொண்டுவந்ததே உங்கள் படகுதான்! இவ்வளவு பெரிய நாட்டில் தலைநகரம் நினைப்பது நமக்கு எட்டுவதற்குள் நோய் எட்டிவிடுகிறது. போன் சிக்னலே இல்லாத ஊரில் யாரைக் கேட்பேன்? என்னிடம் எட்டு முகக்கவசம் இருக்கிறது, ஆக்சிஜன் இல்லை. உங்களில் மூன்று பேர் இருமுகிறார்கள். உன்னை மட்டும் இறக்கினால் மற்றவர்களிடம் எந்த முகத்தோடு பேசுவேன்? "அம்மா ஏன் தண்ணிலயே இருக்கு?" என்று மெர்வெய் கேட்கிறாள். எனக்கும் அழுகை வருகிறது.

ஈலோங்கா

கரை, 21 ஜூன்

பொலும்பு,

இருமியவர்கள் தேறிவிட்டார்களாமே. நாளை மறுநாள் எல்லோரும் இறங்கலாம். மெர்வெய் இப்போதே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஈலோங்கா

படகு, 22 ஜூன்

மெர்வெயின் அப்பாவுக்கு,

நேற்று வந்த புகை மீனில் வாசனையே இல்லை. குறை சொன்னேன். பக்கத்தில் இருந்தவள், "கமகமன்னு இருக்கேக்கா!" என்றாள். காலையில் காய்ச்சல். இருமலும் இருக்கிறது.

பயமாக இருக்கிறது. ஆனால் அன்று என்னை இறக்காததற்கு உங்களைக் கும்பிடுகிறேன். இறங்கியிருந்தால் முதலில் மெர்வெயைத்தான் அள்ளியிருப்பேன். படகிலிருக்கும் அறுபது பேருக்கும் மரவள்ளிக் கீரை ஆக்கி அனுப்பும் படகுத்துறைப் பெண்களையும் கட்டிப்பிடித்திருப்பேன். அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

இன்னும் பதினான்கு நாள் ஆகும் என்று படகில் நானே சொல்லிவிட்டேன். கத்தித் தீர்த்தார்கள். பிறகு எனக்குத் தனியாகப் பாய் விரித்து, கஞ்சி வைத்தார்கள்.

எனக்கு மூச்சு வாங்குகிறது என்று படகிலிருந்து யாராவது கத்தினாலும் நீங்கள் படகில் ஏறாதீர்கள். குழந்தைக்கு ஓர் ஆளாவது வேண்டும்.

உங்கள் பொலும்பு