நெத்திலி வரி

அப்பு,

இன்று காலை கூடையை இறக்கி வைக்கும்போதே மைதா பசை வாசனை வந்தது. மயில்துத்தம் கலந்த, போஸ்டர் ஒட்டுகிற பசை. மீன் வாடையைத் தாண்டி அது மூக்குக்கு வந்தால் நீ வந்திருக்கிறாய் என்று அர்த்தம். பழக்கத்தில் நிமிர்ந்துவிட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கச் சுவரில் செல்வம் நின்றான். சிந்தாதிரிப்பேட்டை அச்சகத்தில் உன் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்காருவானே, அந்தச் செல்வம்.

"யக்கா, அண்ணன் முடிச்சு வச்சத அப்டியே பிரிண்ட் போட்டுக்கினு வந்தேன். அடையாறு எழுத்துக் கண்காட்சிக்கு ஒண்ணு குடுத்தாச்சு. இது உனக்கு. படிக்க முடியுதா?" என்று கத்தினான்.

முடியுது என்று கையை ஆட்டினேன். போஸ்டரில் மேலே வஞ்சிரம் என்ற பேர் தெரிந்தது. கொடுவா, வவ்வால் தெரிந்தன. சங்கராவைப் பாதி பார்த்து, பாதி ஞாபகத்தில் சொல்லிக்கொண்டேன். நெத்திலி இருக்கிற இடத்தில் ஈரக்கை பட்டு அழிந்த மாதிரி ஒரு கறைதான் இருந்தது.

நீ இதை ஆரம்பித்த அன்று நான் உன்னைக் கிண்டல் செய்தேன். "போஸ்டர் போடப்போறேன்க்கா" என்றாய். எந்தத் தலைவருக்கு என்று கேட்டேன்.

"தலைவரு இல்ல, எழுத்துக்கு."

"எழுத்துக்கு இன்னா, பொறந்த நாளா?"

"அப்டித்தான் வச்சுக்கோயேன்" என்று சிரித்தாய். அச்சகத்துப் பரணில் கிடந்த பழைய ஈய எழுத்தில் நாலைந்தை என் கையில் கொட்டினாய். குண்டெழுத்து என்று அங்கே அதற்குப் பேர். "அந்தக் காலத்துல பாதி மெட்ராசு இதுலதான் படிச்சுதுக்கா. 'ழ'வப் பாரு, கால மடக்கி உக்காந்துகினு கீது. இத அப்டியே கம்ப்யூட்டர்ல வரஞ்சு கொண்டாரப் போறேன்" என்றாய். நான் மூன்றாவது வரைக்கும் படித்த புத்தகத்திலும் அந்த எழுத்துதான். போனில் வருகிற ஒல்லி எழுத்தில் நான் தடுமாறுவேன். குண்டெழுத்து என்றால் படித்துவிடுவேன்.

என்ன எழுதுவது என்று தெரியாமல் என்னிடமே கேட்டாய். பெரிய மீனிலிருந்து சின்ன மீனுக்கு வரச் சொன்னாய். நான் சொல்லச் சொல்ல, மீன் சிறுக்கச் சிறுக்க எழுத்தையும் சிறுக்க வைத்தாய். ஒவ்வொரு தடவையும் அச்சடித்து எடுத்து வந்து எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டு, நடுவில் காரும் ஆட்டோவும் போய்க்கொண்டிருக்க, "படிக்கா" என்று கத்துவாய். பக்கத்துக் கூடைக்காரி கன்னியம்மா உன்னை விடமாட்டாள். "இன்னா நைனா, மீன் பேரு போட்டியே, வெல எங்க? என் பேரையும் போடு, நாலு பேரு வருவான்" என்பாள். நிஜமாகவே ஒருத்தர் காரை நிறுத்தி, போர்டில் கொடுவா போட்டிருக்கிறதே, கொடுவா எங்கே என்று சண்டைக்கு வந்தார். நீ அவருக்கு ஒரு கூறு சங்கராவைத் தள்ளிவிட்டாய்.

என்னால் படிக்க முடியாத நாளும் உண்டு. எனக்கு வெட்கமாக இருக்கும். "உன்னால முடியலன்னா எழுத்துதான் சரியில்ல" என்று கிழித்துச் சுருட்டிக்கொண்டு போவாய். மறுபடி வரும்போது எழுத்துக்கு நடுவே கொஞ்சம் காற்று விட்டிருப்பாய், படித்துவிடுவேன். அப்படிச் சொல்ல இப்போது யாரும் இல்லை.

நீ போன பிறகுதான் என் கண் இப்படி ஆனது. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பா பழுப்பா என்று உடனே தெரிவதில்லை. மோந்து பார்த்து விற்கிறேன். அரிவாள்மனையில் இரண்டு தடவை விரலைக் கிழித்துக்கொண்டேன். அழுதழுது கண் வீங்கிக் கிடக்கிறது, சரியாகிவிடும் என்கிறாள் கன்னியம்மா. நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் அம்மாவுக்கும் முதலில் இப்படித்தானே ஆரம்பித்தது? சர்க்கரை கண்ணுக்கு ஏறி, கடைசியில் சோற்றுத் தட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே. அப்போது அவள் கையைப் பிடிக்க நாம் இரண்டு பேர் இருந்தோம்.

போன வாரம் மயிலாப்பூரில் கண் டாக்டரிடம் போனேன். உள்ளே சுவரில் உன் போஸ்டர் மாதிரியே ஒரு பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. ஒருத்தியை உட்கார வைத்து, படிங்கம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். என் பேரைக் கூப்பிடுவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று மீன் தீர்ந்த பிறகும் ரோட்டைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை. வெயில் சாய்ந்துதான் போனேன். கிட்டே நின்றால் நெத்திலி இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். அழகாகத்தான் வைத்திருக்கிறாய். ஆனால் நான் கடைசியாகப் படித்த நெத்திலி இதே அளவா, இதைவிடப் பெரிசா? அது எனக்கு நினைவில் இல்லை. செல்வத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். "கடைசியா அண்ணன் இன்னா மாத்துச்சுன்னு எனக்குத் தெரியாதுக்கா" என்கிறான்.

நாளைக்கு மறுபடி மயிலாப்பூருக்குப் போகப்போகிறேன். கன்னியம்மா கூட வருகிறேன் என்றிருக்கிறாள். இந்த மடலையும் பெரிசு பெரிசாகத்தான் எழுதுகிறேன், பக்கத்துக்கு ஏழெட்டு வரிகூட வரவில்லை.

உனக்கு நெஞ்சு வலி வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம், எதிர்ச் சுவரில் இருந்ததை நெத்திலி வரைக்கும் நான் முழுக்கப் படித்தேன். நீ விசில் அடித்தாய். அப்புறம் தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நெத்திலி இன்னும் கொஞ்சம் பொடியா இருக்கலாம் இல்லக்கா?" என்றாய். நான் தராசைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீ அதைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டு அச்சகத்துக்குத் திரும்பிப் போய்விட்டாய்.

போய் அதைச் சின்னதாக்கினாயா, அப்பு?