வாப்பாவும் ஜூலியின் மூக்கும்

எங்கள் அன்பு வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த ஸலாம் உங்களை வந்து சேரும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உம்மா சுகம், முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நான் இப்போது சாய்ந்தமருதில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நீங்கள் வைத்தியம் பார்த்த பழைய மாட்டாஸ்பத்திரிக்குக் கூரை மாற்றியிருக்கிறார்கள். வாசல் வேம்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு நம் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சாரமும் வெள்ளைச் சட்டையும், இடுப்பில் ஒரு பெண் குழந்தை, பின்னால் மனைவி, கையில் செவ்விளநீர்க் குலை. "டொக்டர் மாத்தயா இருக்கிறதா?" என்று கேட்டார். சிங்களம் கலந்த அந்த உடைந்த தமிழில்தான் ஆளைப் பிடித்தேன். சுனில். முகாமில் ஜூலி நாயைப் பிடித்துக்கொண்டு நடந்த ஆமிக்காரர்.

நீங்கள் எங்களை விட்டு மௌத்தாகி ஒரு வருஷமாகிறது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியவள் நானாகிப் போனேன். அவர் குலையைக் கீழே வைத்தார். குழந்தை அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு அவர் உள்ளே வந்து உட்கார்ந்து சொன்ன கதையில் எனக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் இருந்தன. அவற்றை உங்களிடம் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்க ஆளில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் கதையை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, சண்டைக் காலம் அது. நம் பக்கத்திலிருந்து வயல்களுக்குள்ளால் அம்பாறைக்குப் போகிற வீதி ஒவ்வொரு காலையும் பூட்டிக் கிடக்கும். கண்ணிவெடி இல்லையென்று ஆமிக்காரர் நடந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் பஸ் விடுவார்கள். "றோட்டு கிளியராகிட்டா?" என்பதுதான் விடிந்ததும் ஆளையாள் கேட்கிற முதல் கேள்வி. அந்த நடையில் எல்லாருக்கும் முன்னால் போனது ஜூலி என்ற மண்ணிறப் பெட்டை நாய். அதன் வாரைப் பிடித்தபடி பின்னால் சுனில். அவர்களுக்குப் பின்னால்தான் மற்ற ஆமிக்காரர்கள், அதற்குப் பின்னால் நாங்கள்.

ஒருநாள் மாட்டாஸ்பத்திரிக்கு முன்னால் ஜீப் வந்து நின்றபோது, மாடு கொண்டு வந்திருந்தவர்கள் மாட்டையும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சுனில் ஜூலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் மூக்கால் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. நீங்கள் கால் விரல்களுக்கிடையில் தேடி ஓர் உண்ணியைப் பிடுங்கி எடுத்தீர்கள். உண்ணிக் காய்ச்சல், இரத்தத்தில் ஏறிவிட்டது, நாள் எடுக்கும், ஆனால் பிழைக்கும் என்றீர்கள். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டீர்கள். நாளையிலிருந்து ஜீப்பும் துவக்கும் வாசலுக்கு வரக்கூடாது, நாய் மட்டும் வரட்டும்.

ஊர் சும்மா இருக்குமா? நாயைத் தொட்ட கையோடு எப்படித் தொழுவார் என்று கேட்டார்கள். நீங்கள் குழாயடியில் ஒரு தகரத்தில் மண் நிறைத்து வைத்தீர்கள். மார்க்கம் சொன்னபடி ஏழு தரம் கழுவி, அதில் ஒரு தரம் மண் தேய்த்து, உடுப்பு மாற்றிப் பள்ளிவாசலுக்குப் போனீர்கள். கேட்டவர்கள் அதோடு அடங்கினார்கள். பிறகு ஒரு பின்னேரம் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். இயக்கத்து ஆட்களா என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆமியின் நாய்க்கு ஏன் மருந்து கொடுக்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"நோயோட வந்தா பாப்பன் தம்பி. நீங்க கொண்டு வந்தாலும் பாப்பன்" என்றீர்கள். அவர்கள் போன பிறகு கதவைத் தாழ் போட்டு, இழுத்தும் பார்த்தீர்கள். நீங்கள் பயந்தவர்தான். அப்படியிருந்தும் அந்தப் பதிலை எங்கிருந்து எடுத்தீர்கள்?

நான் அப்போது படிப்பு முடித்து ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தேன். பகல் சாப்பாட்டைக் கெரியரில் கொண்டுவந்து தருவது என் வேலை. அந்தச் சாக்கில் ஜூலியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நாய் வளர்க்காத ஊரில் பிறந்த எனக்கு அது பெரிய அதிசயம். சண்டை நடக்கிறதென்று இதற்குத் தெரியுமா, தான் யார் பக்கமென்று தெரியுமா என்றெல்லாம் உங்களைத் துளைத்தெடுத்தேன். நீங்கள் அதைச் சிங்களத்தில் சுனிலிடம் கேட்டீர்கள். அவர் சிரித்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு றப்பர் பந்தை எடுத்துக் காட்டினார். வெடிமருந்து மணந்தால் ஜூலி அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் பந்து கிடைக்கும். அவ்வளவுதான் அது படித்த பாடம்.

"அதுக்கு சண்டை தெரியா புள்ள. பந்துதான் தெரியும்" என்றீர்கள் என்னிடம்.

அதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். அத்தனை பஸ்களும் அத்தனை உயிர்களும் ஒரு பந்துக்கு ஆசைப்பட்ட மிருகத்துக்குப் பின்னால் போனோமா? அது விளையாடியதா, வேலை செய்ததா?

இரண்டு மூன்று வாரத்தில் ஜூலி தேறியது. சாப்பிட்டது, வாலாட்டியது, சுனிலின் மடியில் ஏறியது. நீங்கள் மட்டும் திருப்தியில்லாமல் இருந்தீர்கள். நான் கொண்டு வருகிற கெரியரை வாங்கி, திறக்காமல் மருந்து அலுமாரிக்குப் பின்னால் வைப்பீர்கள். உள்ளே பொரித்த மீன் இருக்கும், சில நாள் மாட்டிறைச்சி இருக்கும். ஜூலி திரும்பியும் பார்க்காது. நாய் சுகமாகிவிட்டது, மூக்கு சுகமாகவில்லை என்பீர்கள். மணம் இல்லாமல் போனால் அதற்கு உலகம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். எங்களுக்குக் கண் தெரியாமல் போனதுபோல இருக்கலாம் என்றீர்கள்.

ஜூலி இல்லாத நாட்களில் ஆமிக்காரர் நீண்ட கம்பிகளால் நிலத்தைக் குத்திக் குத்தி நடந்தார்கள். வெயில் ஏறிய பிறகுதான் வீதி திறக்கும். காரைதீவிலிருந்து பால் கொண்டு போகிறவர்களின் பால் திரைந்தது. அம்பாறை ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள் வீதியில் காத்துக் கிடந்தார்கள். நாய் நன்றாகத்தானே ஓடித் திரிகிறது, டொக்டர் ஏன் மறிக்கிறார் என்று ஊர் முணுமுணுத்தது. என்னுடைய நேர்முகப் பரீட்சையும் அந்த நாட்களில்தான் வந்தது. பஸ் அம்பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே கதவு பூட்டியிருந்தது. நியமனம் ஒரு வருஷம் தள்ளிப் போனது. நான் உங்களோடு கதைக்காமல் இருந்தேன். அந்தக் கோபம் நியாயம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், வாப்பா. உங்கள் பக்கமும் நியாயம் இருந்தது, அது வேறு.

வீட்டுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதைச் சுனில் சொன்னார்.

முகாமின் பெரிய அதிகாரி ஒருநாள் நேரே மாட்டாஸ்பத்திரிக்கு வந்தாராம். ஜூலி பாய்ந்துபோய் அவர்மேல் ஏறி விளையாடியதாம். இதைவிட என்ன சுகம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பயிற்சிக்கு வைத்திருக்கும் வெடிமருந்தில் ஒரு துண்டை நீங்களே எங்கேயாவது ஒளித்து வையுங்கள் என்றிருக்கிறீர்கள். அவர் வேம்படியில் சருகுக்குள் வைத்தார். ஜூலி அதன்மேல் கால் வைத்துக் கடந்து வந்து, அவருடைய சப்பாத்தை நக்கியது.

அப்படியும் அவர் விடவில்லை. மேலிடம் நெருக்குகிறது, சனம் குறை சொல்கிறது, நாய் முன்னால் நடந்தால் ஆட்கள் பயமில்லாமல் வருவார்கள் என்றாராம்.

"அதுக்குத்தான் பயப்படுறன் சேர்" என்று சொன்னீர்களாம். "அது வாலாட்டிக்கொண்டு போகும். எல்லாரும் அதை நம்பி வருவாங்க. முதல் ஆளா வாறது இந்தப் பிள்ளை." கையால் சுனிலைக் காட்டினீர்களாம்.

அதிகாரி மறுநாள் காலை ஜூலி வீதிக்கு வரவேண்டும் என்று கட்டளை போட்டுவிட்டுப் போனார். மறுநாள் சுனில் ஜூலியோடு தடைக்கம்பத்தடிக்கு வந்தபோது, நீங்கள் அங்கே சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றீர்களாம். நாய்க்கு மருந்து கொடுத்தவன் நான், அதனால் இவரோடு சேர்ந்து நானும் நாய்க்குப் பின்னால் நடக்கிறேன் என்றீர்களாம். அதிகாரி முதலில் சிரித்தார். நீங்கள் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, சுனிலுக்குப் பக்கத்தில் போய் நின்றீர்கள். பாலோடு காத்து நின்ற காரைதீவுச் சனம் பார்த்துக்கொண்டிருந்தது. அதிகாரி உங்களைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், வெறும் வீதியைப் பார்த்தார். பிறகு ஜூலியை ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டுக் கம்பிக்காரரைக் கூப்பிட்டாராம்.

அன்று விடியற்காலை எங்களிடம் என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காரைதீவில் ஒரு மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்றீர்கள்.

இதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். ஒரு பகல் நான் கெரியரோடு உள்ளே நுழைந்ததும் ஜூலி எழும்பியது. மூக்கு துடிதுடிக்க என்னைச் சுற்றியது. நீங்கள் கெரியரை அலுமாரிக்குப் பின்னால் வைக்க, அது நேரே போய் அந்த இடத்தில் உட்கார்ந்தது. நீங்கள் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. பொரித்த மீன் முழுவதையும் அதற்குப் போட்டுவிட்டு வெறும் சோறும் சொதியும் சாப்பிட்டீர்கள். வேம்படியில் மறுபடியும் ஒளித்துப் பார்த்தார்கள். இந்தத் தடவை ஜூலி உட்கார்ந்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளிலேயே, வயல்வெளி மதகடியில் அது உட்கார்ந்துவிட்டது. தோண்டினார்கள். கண்ணிவெடி இருந்தது. நெல் வெட்டுக்குப் போகிற ஆட்கள் நிறைந்த ஒரு டிரக்டரும் இரண்டு பஸ்களும் பின்னால் காத்து நின்றன. அந்தச் செய்தி ஊருக்குள் வந்தபோது நீங்கள் ஏதோ மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

சுனில் சொன்ன இரண்டாவது விஷயம் இதைப் பற்றியது. அந்த வெடி புதிது இல்லையாம். மேல்மண் இறுகி, புல் முளைத்திருந்ததாம். மதகுக் கல்லோடு ஒட்டிய இடம், கம்பிக்காரர் தவறவிட்ட ஓரம். அப்படியென்றால் நான் நேர்முகப் பரீட்சைக்குப் போன பஸ்ஸும் அதன் பக்கத்தால் போய்த் திரும்பியதா? அவருக்கும் தெரியவில்லை. பஸ் மிதிக்காத ஓரம் அது, ஜூலியோடு போனால் தன் கால் மிதிக்கிற ஓரம் என்று மட்டும் சொன்னார். பிறகு குழந்தையின் தலையைத் தடவினார். இவள் பிறந்தது அதற்குப் பிறகுதான் என்றார்.

நான் உம்மாவைப் பார்த்தேன். அறை வாசலில் திரையாகத் தொங்கிய சேலை மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், ஆச்சரியப்பட்டவராகத் தெரியவில்லை.

"மாட்டுக்குக் கண்டுக்குட்டி எடுத்த உடுப்ப நான் கழுவாத நாளா? அண்டைக்கு உடுப்பு சுத்தமா இருந்திச்சி" என்றார்.

அப்படியென்றால் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா வாப்பா இன்னொரு பொய் சொல்ல வேண்டி வரும். அதான் கேக்கல்ல."

இது உங்களுக்குத் தெரியுமா, வாப்பா? உம்மா அறிந்திருந்தார் என்பதை நீங்கள் அறிந்திருந்தீர்களா? அல்லது இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்தே அத்தனை வருஷமும் வாழ்ந்தீர்களா?

சுனில் ஆமியை விட்டுவிட்டார். குருணாகல் பக்கம் ஒரு கிராமத்தில் தென்னந்தோட்டம் பார்க்கிறார். வயதாகிப்போன ஜூலியையும் கேட்டு வாங்கிக் கொண்டுபோயிருக்கிறார். அதைப் பற்றி உங்களிடம் கேட்கத்தான் வந்தாராம். இப்போதும் ஜூலி குழந்தைக்கு முன்னால் பாதையில் நடக்கும், திடீரென்று நடுவில் உட்கார்ந்துவிடும். சுனில் அந்த நிமிஷமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றுவிடுவார். அங்கே வெடி இல்லை என்று அவருக்குத் தெரியும். என்றாலும் கால் எழாதாம். நாய்க்குப் பின்கால் வலியா, பந்து ஞாபகமா, வேறு ஏதாவது மணக்கிறதா என்று டொக்டர் பார்த்தால் சொல்லுவார் என்று நினைத்திருந்தார்.

உம்மாதான் சேலை மறைவிலிருந்து கேட்டார், குருணாகலுக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று. பிறகு என்னைப் பார்த்து, "லீவு விட்டதும் போவம் புள்ள. நான் தொடமாட்டன், பாப்பன்" என்றார்.

போகிறோம், வாப்பா. அந்தப் பாதையில் ஜூலிக்குப் பின்னால் நானே நடந்து பார்க்கிறேன். உங்கள் இடத்தில் இப்போது இருக்கும் டொக்டரிடம் பின்காலுக்கு மருந்து கேட்டு வாங்கிக்கொண்டு போகிறேன். அது உட்கார்ந்தால், அவசரப்படுத்தாமல் நானும் பக்கத்தில் நிற்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் கப்றை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும்.

துளைத்துத் துளைத்துக் கேள்வி கேட்கும் உங்கள் மகள்,
நஸீமா