ஒரு துண்டு செலோடேப்

சூடேறிய தூசியின் வாசனை இன்னும் கூடத்தை விட்டுப் போகவில்லை. முப்பது வருஷமாக உங்கள் கட்டம்போட்ட கைலியில் சுற்றி, அலமாரி மேல் கிடந்த சிந்தசைசர் வாத்தியத்தை இன்று காலை இறக்கிக் கரண்ட் கொடுத்தார்கள். அதை உங்களுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்த மூன்றாம் வகுப்பு உங்களுக்குத் தெரியாததா?

நம் மகள் கலாதான் ஆளைக் கூட்டி வந்தாள். நசீர் என்று பெயர். தேக்கா மார்க்கெட் பக்கம் ரிப்பேர் கடை. இந்த மாதிரிப் பழைய பெட்டி என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். நம் ஆங் மோ கியோ வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஆன்ட்டி, இந்த மாடலை நேர்ல பாத்ததே இல்ல லா" என்றார். பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கினார். நீங்களும் அப்படித்தான் தூக்குவீர்கள். பெற்ற மகளைக்கூட அப்படித் தூக்கியதில்லை என்று அன்றைக்கே சொன்னேன். அந்தப் பேச்சை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து குமிழ்களைத் திருகுவீர்கள். மீன் கழுவிய கையோடு என்னைக் கூப்பிட்டு நிறுத்துவீர்கள்.

"கண்ண மூடிக் கேளு. நாயனம் மாதிரி இருக்கா?"

"ஆடு கத்துற மாதிரி இருக்கு."

சிரித்துக்கொண்டே ஒரு நூல் திருகுவீர்கள். "இப்போ?"

"இப்போ கிழட்டு ஆடு."

ஒரு நாள் எனக்கே உடம்பு சிலிர்த்தது. நாயனமும் இல்லை, புல்லாங்குழலும் இல்லை, எந்தக் கல்யாணத்திலும் நான் கேட்காத ஒன்று. நன்றாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. மீனைப் பார்க்கப் போய்விட்டேன்.

அப்புறம் வந்தது சிராங்கூன் ரோட்டுக் கல்யாணம். உங்கள் இசைக்குழுவே மேடையில் இருக்க, நீங்கள் மட்டும் பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "போதும்" என்றீர்கள். அதோடு சரி, அதன்பின் வாசிக்கவே இல்லை. கல்யாணம் என் சித்தி மகளுக்கு. என்னென்ன பேச்சுக் கேட்டேன்! கூட்டத்தைக் கண்டு பயந்து ஓடி வந்த மனுஷன் என்று உங்களை வைத்துக்கொண்டே ஊருக்கெல்லாம் சொன்னேன். கலா கல்யாணத்தில் சொன்னேன். உங்கள் கருமாதிக்கு வந்தவர்களிடமும் சொன்னேன்.

இன்று கைலி மடிப்பிலிருந்து ஒரு கேசட் விழுந்தது. நசீர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள இருக்கிற பேட்டரி செத்துட்டா, அங்கிள் செஞ்சு வச்ச சவுண்டெல்லாம் போயிடும் ஆன்ட்டி. அதனால கேசட்ல ஒரு காப்பி எடுத்து வைப்பாங்க. ஓடவிட்டா மிஷின் திரும்பப் படிச்சுக்கும். நம்ம காதுக்குத்தான் வெறும் கீச்சு கீச்சுனு கேக்கும்."

நான் கைலியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"யாரும் மேல பதிஞ்சிடக் கூடாதுனு ஓரத்துப் பட்டையை உடைச்சு வச்சிருக்கார். யாரோ ஓட்டையில செலோடேப் ஒட்டிப் பதிஞ்சிருக்காங்க, பாவம்."

ஓடவிட்டார். வானொலி அறிவிப்பாளர் பேசினார். ஐந்தாவது பிறந்தநாள் கொண்டாடும் செல்வி கலாவுக்கு அப்பா, அம்மாவின் வாழ்த்துகள். அது முடிந்ததும் கீச்சுச் சத்தம்.

"மிச்சம் இருக்கே தம்பி, அதைப் படிக்காதா?"

"முதல்லேர்ந்து முழுசா இருக்கணும் ஆன்ட்டி. பாதியை எடுத்துக்காது."

அன்றைக்கு அந்தக் கல்யாண மேடையில் பேட்டரி செத்திருக்கிறது. கேசட்டைப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் காதில் விழுந்தது இந்த வாழ்த்துதான். அட்டையைப் பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரியாத ஆங்கில எழுத்தை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் உங்கள் கையால் தமிழில் எழுதியிருக்கிறீர்கள்: கலா, அஞ்சாவது பிறந்தநாள்.

"அப்பாவே மறந்துபோய் அழிச்சிருப்பாரு. அவருக்கு எதுலதான் நிதானம்?" என்றாள் கலா.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். ஒட்டியது யார் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"நான்தான்டி."

"என்ன நீதான்?"

"ஒட்டினது, பதிஞ்சது எல்லாம். கீச்சுனு கேட்டதும் கெட்டுப்போன கேசட்டுன்னு நெனச்சுட்டேன். உங்கப்பா பயந்து ஓடல."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப, 'என்னப்பா, இங்கேர்ந்தும் ஓடிடுவீங்களா'ன்னு கேட்டேம்மா. நீ சொன்னதைத்தானே நானும் சொன்னேன்."

நசீர் கீழே விழாத திருகாணியைத் தரையில் தேடினார். மத்தியானம் கலா என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

உங்கள் மேல் வைத்திருந்த கோபங்களில் ஒன்றை இன்று எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இடம் காலியாக இல்லை, வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? திட்டியிருக்கலாம். ஒரு தட்டையாவது எறிந்திருக்கலாம். நான் பேசப் பேச, புட்டில் வாழைப்பழம் பிசைந்து தின்றுகொண்டிருந்தீர்களே!

யாரிடம், எந்த வீட்டில், எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு சொன்னேன் என்பதுவரை எனக்கு எதுவும் மறக்கவில்லை. நாளை முதல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லப் போகிறேன். பாதிப் பேர் இப்போது உங்களோடு அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு தடவையாவது வாயைத் திறங்கள்.