அலை தூக்கும் பக்கம்

மாமல்லபுரம்,
5-3-1974

அன்புள்ள ஜெகதா,

மீனவர்களைப் பற்றிக் கட்டுரை எழுத வந்தவன், இன்று விடியற்காலையில் இருசப்பன் என்பவரின் கட்டுமரத்தில் ஏறினேன். கடற்கரைக் கோயில் அலைக்குப் பின்னால் மறைவதும் எழுவதும் கனவில் நடப்பதுபோல் இருந்தது. நான் நட்டநடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா சார், மூட்டையாட்டம் குந்திகினு கீறே? அலை தூக்குற பக்கமா சாயி!"

"நடுவில்தானே பத்திரம்?"

"அது மரத்துக்குத் தெரியாதே, சார்!"

அடுத்த அலையில் இருவரும் தண்ணீரில் விழுந்தோம். சத்தமே இல்லாத அந்தப் பச்சை வெளிச்சத்தில் உன் முகம் தெரிந்தது. என் அம்மா உன் அப்பாவைக் கேவலமாகப் பேசியபோது, நீ என்னை நிமிர்ந்து பார்த்த முகம்.

"இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது" என்றேன் அன்று. இரு தரப்பையும் கேட்டு எழுதுகிற பத்திரிகைக்காரப் புத்தி. மறுநாள் நீ மதுராந்தகத்தில் இருக்கும் உன் அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறினாய். நான் ஆபீசுக்குப் போனேன்.

அம்மா பேசியது தப்பு. இந்த ஒரு வரியை அம்மாவுக்கும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். முதலில் உன் அப்பாவிடம் பேச வேண்டும். நீ உள்ளேயே இருந்தாலும் சரி, நான் பேசுவது உனக்குக் கேட்கிற தூரத்தில் இரு.

உன் வீட்டுக்காரன்